கொக்குக்காக அவிழ்த்த கொடி

டட்... டட்... டட்...

எஞ்சின் சத்தம் ஆற்று வளைவைத் தாண்டி வருவதற்குள் கொக்கு கழுத்தை நிமிர்த்திவிட்டது.

"வேணாம்... போயிடாத... இன்னும் காலே போடலை..." உதட்டுக்குள் கெஞ்சினாள் ஜெஸ்லின்.

கொக்கு கேட்கவில்லை. யாரோ ஈரத்துணியை உதறியதுபோல் ஒரு சத்தம்... அவ்வளவுதான், பறந்துவிட்டது. எண்ணூர் முகத்துவாரத்தின் சாம்பல் நிறச் சேற்றில் நாற்பது நிமிடமாகக் கணுக்கால் புதைய நின்றவள் அண்ணாந்து பார்த்தாள். தூரிகையிலிருந்து காகிதத்தில் கறுப்பாய் ஒரு சொட்டு விழுந்தது.

வளைவில் நீல நிற ஃபைபர் படகு ஒன்று மூக்கை நீட்டியது. பின்னால் நின்று ஓட்டி வந்தவனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பெரிய கப்பலின் கேப்டன் மாதிரி ஒரு தோரணை வேறு.

"ஹலோ! கொஞ்சம் மெதுவா வரக் கூடாதா? என் கொக்கு போயிடுச்சு!"

அவன் எஞ்சினை அணைத்தான். திடீரென்று விழுந்த அமைதியில் படகு தானாக மிதந்து அவள் பக்கம் வந்தது.

"இன்னாது?"

"என் கொக்கு!"

"உன் கொக்கா? வூட்ல வளக்குறியா? கயித்துல கட்டி வெக்க வேண்டியதுதானே!"

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, அவன் கண்ணையும் பார்த்துவிட்டாள். உப்புக் காற்றில் கொஞ்சம் சுருங்கிப்போன கண்கள். சிரிப்பு முதலில் அங்கேதான் வந்தது. உதட்டுக்கு அப்புறம்தான் இறங்கியது...

"நாற்பது நிமிஷமா அசையாம நின்னு வரைஞ்சுட்டு இருந்தேன்."

"ஒரு கொக்க பாத்துகினு நாப்பது நிமிஷமா? நான் பொறந்ததுலேந்து பாத்துகினு கீறேன். என்னிய யாரும் இன்னான்னு கேக்கல."

படகின் விளிம்பில் குந்தி அவள் காகிதத்தை எட்டிப் பார்த்தான். புருவம் உயர்ந்தது.

"இன்னாம்மா இது... முக்கா பேப்பர் காலியா கீது? மை தீந்துட்ச்சா?"

"அது காலி இல்லை. மேல வானம்."

"கீழ?"

"ஆறு."

"கொக்குக்குக் காலு?"

"நீங்கதான் பறக்க விட்டுட்டீங்களே!"

அவன் சத்தமாகச் சிரித்தான். பிறகு ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"புகைபோக்கி நான்கு.
ஒற்றைக் காலில்
ஐந்தாவது."

சிரிப்பு நின்றது. மெல்லத் திரும்பி, அக்கரையில் மூடுபனிக்குள் நின்ற மின் நிலையத்துப் புகைபோக்கிகளை விரல் நீட்டி எண்ணினான். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. விரல் அப்படியே கீழே இறங்கி, கொக்கு நின்ற வெற்று இடத்தில் வந்து நின்றது.

"அய்ய... ஆமா!" என்றான், மூச்சு விடுகிற குரலில். "இத்தினி வருசமா நாலுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

அந்த ஒரு வரிக்காக அவனை மன்னித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"பேர் இன்னா?"

"ஜெஸ்லின். ராயபுரம். அப்பா மிளகாய் மண்டி வச்சிருக்கார்."

"அதான்... காத்துல காரம் வந்துச்சி. நான் ஜெகதீசன். இந்தக் குப்பம்தான். அடுத்த ஞாயித்துக்கெழம வா மொளகா, உனக்கு வேற கொக்கு தரேன்."

"என் பேர் மிளகாய் இல்லை!"

டட்... டட்... டட்... பதிலை எஞ்சின் விழுங்கிவிட்டது.

ஸ்கூட்டியில் திரும்பும்போது, கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தாள் ஜெஸ்லின். எட்டரை மணி ஆராதனைக்கு ஈரக் காலோடு போய் அப்பாவிடம் முறைப்பும் வாங்கினாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு புத்தகம். நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கியது. அட்டை இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. ஜப்பானியத் துறவிகள் யாரோ எழுதிய மூன்று வரிக் கவிதைகள், தமிழில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மையால் இழுத்த ஒரு படம். ஒரு தவளை, ஒரு மூங்கில் இலை, பாதி நிலா... மிச்சமெல்லாம் வெள்ளை. முன்பு அதை வைத்திருந்த யாரோ ஒருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'பத்து மூச்சு'.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஒருநாள் மண்டியில் சும்மா முயன்று பார்த்தாள். ஒரே ஒரு காய்ந்த மிளகாயைப் பத்து மூச்சு நேரம் பார்த்தாள். நாலாவது மூச்சில் சலித்தது. எட்டாவது மூச்சில் மிளகாயின் உள்ளிருந்து வெளிச்சம் வந்தது. சூரியனை யாரோ தோலுக்குள் வைத்துத் தைத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள், அன்றுதான் முதல் மிளகாயைப் பார்த்தாள்.

அதன் பிறகு எல்லாமே அப்படி ஆகிவிட்டது. கொத்தமல்லி விதையை இழுத்துப் போகும் எறும்பு, குழாய் நுனியில் விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும் சொட்டு... ஞாயிற்றுக்கிழமை விடியலில் மட்டும் எண்ணூர் ஆறு.

அன்று அவன் வருவதற்கு முன்னால் இன்னொன்றும் நடந்திருந்தது. அதை அவள் பெரிதாக நினைக்கவே இல்லை.

கொக்குக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீரில் ஒரு கழி நட்டிருந்தது. அதில் வெளுத்துப்போன நீலத் துணி ஒன்று. காற்றில் அது படபடக்கும்போதெல்லாம் கொக்கு ஓர் அடி தள்ளிப் போனது. காகிதத்திலும் அந்த வெள்ளை வெளியைக் கெடுத்தது. அந்தக் கரை முழுக்கக் குச்சிக்குக் குச்சி, கடல் ஓதம் கொண்டுவந்த பிளாஸ்டிக்கும் கந்தலும்தானே? இதுவும் அப்படித்தான் என்று முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் அவிழ்த்துவிட்டாள். மைப்புட்டியைச் சுற்றப் பயன்படும் என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முடிச்சு இறுக்கமாக, ஒழுங்காக இருந்தது. தண்ணீர் கொண்டுவந்த துணிக்கு முடிச்சுப் போட்டது யார் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எஞ்சின் சத்தம் இல்லை.

ஜெஸ்லின் மூன்று முறை வளைவைப் பார்த்தாள். நான்காவது முறை பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு பார்த்தாள். நீலப் படகு வந்துகொண்டிருந்தது. ஜெகதீசன் நின்றபடி நீளமான மூங்கில் கோலைத் தண்ணீருக்குள் ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தான். பூனை நடப்பதுபோல் வந்தது படகு. கரையோரம் நின்ற மூன்று கொக்குகளும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எஞ்சின் என்ன ஆச்சு?"

"தூங்குது. உன் கொக்கு முழிச்சிக்கப் போவுதுன்னு எழுப்பல." குரலைத் தாழ்த்தினான். "ஏறு மொளகா. பயப்படாத, ஆழம் இடுப்புக்குத்தான்."

ஏறும்போது கை கொடுத்தான். வலையின் கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அவள் கையை எடுத்துக்கொண்ட பிறகும் அந்தச் சொரசொரப்பு விரல்களில் இருந்தது...

தூறல் ஆரம்பித்தது. ஆற்றின் மேல் ஆயிரம் சின்ன வட்டங்கள். ஒரு வட்டம் விரிந்து இன்னொன்றைத் தொட, தொட்ட இடத்தில் இரண்டுமே இல்லாமல் போயின. அலையாத்திச் செடிகளின் வேர்கள் சேற்றிலிருந்து விரல்கள்போல் எட்டிப் பார்த்தன. அக்கரையில் நான்கு புகைபோக்கிகளும் மழைக்குள் பாதி கரைந்து நின்றன. ஊரும் ஆலையும் லாரியும் எங்கோ வேறு உலகத்துக்குப் போய்விட்டன.

ஆனால் அவன் முகத்தில் போன வார வெளிச்சம் இல்லை.

"உனுக்கு ஒண்ணு காட்டவா?" என்றான். கோலை நேராக ஆழத்தில் ஊன்றி, அதன் மேல் முனையைக் காட்டினான். "காத வை."

"எதுக்கு? கலாய்க்கிறீங்களா?"

"வை சொல்றேன்."

கன்னத்தை மூங்கிலில் சாய்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. தன் மூச்சு மட்டும். பிறகு... சட். சட். சடசட. சடசடசட... ஆற்றின் அடியில் யாரோ பெரிய இருப்புச் சட்டியில் பொரி வறுத்துக்கொண்டிருந்தார்கள். கோடிக்கணக்கான சின்னச் சின்ன வெடிப்புகள். ஆறு முழுவதும்! மேலே ஒரு சலனமும் இல்லாத இந்தத் தண்ணீருக்குள்ளா இவ்வளவு பேச்சு?

அவள் கண்கள் விரிந்தன.

"எறா," என்றான் மெதுவாக. "கொடுக்கால சொடுக்குதுங்க. நாங்க இத்த கேட்டுதான் வல போடுவோம். எங்க நைனா சாவுறதுக்கு முந்தின நாளுகூட காத வெச்சி கேட்டாரு."

ஜெஸ்லின் நோட்டை எடுத்தாள். தூறலில் மை கசியக் கசிய எழுதினாள்.

"கோலில் காது வைத்தேன்.
ஆற்றுக்கு அடியில்
யாரோ பொரி வறுக்கிறார்கள்."

அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"தேசுகிட்ட காட்டணும் இத்த..." என்றவன், சட்டென்று உதட்டைக் கடித்தான். "ப்ச். அவன்கூடதான் பேச்சே இல்லியே."

"யாரு தேசு?"

"தேசப்பன். என் தோஸ்து. ஒண்ணாங்கிளாஸ்லேந்து. இந்தப் படகுல பாதி அவனோடது." கோலால் கரையோரம் காட்டினான். வெறும் கழி ஒன்று நின்றது. "தோ, அந்தக் கழி தெரியுதா? அது எங்க பாட்டுக் கழி."

ஆற்றில் நல்ல இடம் எல்லோருக்கும் போதாது. அதனால் வீட்டுக்கு வீடு முறை உண்டு, அதற்குப் பாடு என்று பெயர் என்றான். தன் முறை வரும் நாள் விடியலில் தன் வீட்டுத் துணியைக் கழியில் கட்டிவிட வேண்டும். சாயங்காலம் தண்ணீர் வற்றும்போது வந்து வலை போடலாம். கழியில் துணி இல்லையென்றால் அவன் வரவில்லை என்று பொருள். அடுத்த முறைக்காரன் வலை போட்டுக்கொள்ளலாம்.

"போன ஞாயித்துக்கெழம எங்க பாடு. மழ பேஞ்சி மொத வத்தம். அன்னிக்கிதான் எறா அள்ளும். விடிய சொல்லோ என் கையால கொடி கட்டிட்டு போனேன். உன்னாண்ட பேச சொல்லோ கழி பக்கம் திரும்பிக்கூட பாக்கல. சாங்காலம் வந்தா கொடி இல்ல. அடுத்த மொற தேசு. வல போட்டு அள்ளிகினு கீறான்! 'கொடி இல்லடா, அதான் போட்டேன்'றான். முடிச்சு போட்ட துணி எப்டி போவும்? ஊரே சொல்லுது அவன்தான் அவுத்தான்னு."

"துணி... என்ன நிறம்?"

கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீலம். எங்கம்மா பழைய பொடவைல கிழிச்சது."

அவள் மடியில் இருந்த பைக்குள், மைப்புட்டியைச் சுற்றிக்கொண்டு அந்த நீலம் கிடந்தது. ஒரு சாண் தூரத்தில். சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு என்றது மனம். அவன் கண்களைப் பார்த்தாள். சொன்னால் அந்தச் சிரிப்பு இனி தன்னைப் பார்த்து இறங்கி வராது. கோல் இல்லை, பொரிச் சத்தம் இல்லை, மிளகாய் என்று கூப்பிட ஆள் இல்லை...

"நேரம் ஆச்சு. சர்ச்சுக்குப் போகணும்," என்றாள்.

அன்று பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை அப்பாதான் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரம் பத்து மூச்சு வேலை செய்யவில்லை. மிளகாயைப் பார்த்தால் மிளகாய் மட்டும்தான் தெரிந்தது. எறும்பு எறும்பாகவே போனது.

புதன்கிழமை அந்தத் துணியை சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசினாள். மைக்கறை போனது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்... எப்படி? தெரியாது. முதலில் காயட்டும் என்று மண்டியின் பின்பக்கம், மூட்டைகளுக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் போட்டாள். நனைந்ததும் அதன் நீலம் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது.

"நூறு கிராம் மொளகா கெடைக்குமா?"

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. ஜெகதீசன்! வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அடையாளமே தெரியவில்லை.

கல்லாவிலிருந்து அப்பா தவசிமுத்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தம்பி, இது மண்டியாக்கும். இங்க மூடைதான். நூறு கிராமுக்கு முக்குல பலசரக்குக் கடை இருக்கு, பாத்துக்கிடுங்க."

"ஒரு மூட்ட... இன்னா வெல?"

"எதுக்கு, ஓட்டல் வச்சிருக்கியளா?"

"இல்ல சார்... எங்கம்மாக்கு கொஞ்சம் காரம் ஜாஸ்தி."

ஜெஸ்லின் சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டைக்குப் பின்னால் குனிந்தாள். அடுத்த நொடி பகீரென்றது. கயிறு! அவனுக்கு நேராக, அவள் தலைக்கு மேல், துணி ஆடிக்கொண்டிருந்தது. அவசரமாக எழுந்து அதை மறைத்துக்கொண்டு நின்றாள். அவன் பார்வை ஒரு கணம் அவள் தோளுக்கு மேலே போனது... பிறகு அவள் முகத்துக்கு வந்தது. பார்க்கவில்லை, நல்லவேளை என்று நினைத்தாள்.

அப்பாவுக்குத் தொலைபேசி வர, அவன் அருகில் வந்து மெல்லச் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம ஒம்போது மணிக்கு ஊர் கூடுது. கங்கையம்மன் கோயிலாண்ட. தேசு கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணணும், கொடிய நான் அவுக்கலன்னு."

"பண்ணிட்டா சரியாயிடும்ல?"

"சரியாவாது." தலையைக் குனிந்துகொண்டான். "எங்க ஊர்ல ஒருத்தன கற்பூரம் அணைக்க வெச்சிட்டா, அதுக்கப்பறம் அந்த ரெண்டு வூட்டு ஆளும் ஒரே படகுல ஏற மாட்டாங்க. சாவுற வரிக்கும். அவன் பொய் சொன்னாலும் அப்டிதான், நெஜம் சொன்னாலும் அப்டிதான்."

போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்களில் ஒரு கேள்வி இருந்தது. அது அவளுக்குப் புரியவில்லை.

"ஏட்டி, யாரு அந்தப் பையன்? மொளகா வாங்க வந்தவன் மொளகாயவே பாக்கலயே," என்றார் அப்பா.

"தெரியாதுப்பா," என்றாள்.

இரண்டாவது பொய். முதலாவது, பேசாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை மணி அடித்துக்கொண்டிருந்தபோது ஜெஸ்லினின் ஸ்கூட்டி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. மழை முகத்தில் அறைந்தது. துப்பட்டா நுனியில் முடிந்திருந்த நீலத் துணி இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

கோயில் முன் தகரக் கொட்டகையில் ஊர் நிறைந்திருந்தது. நடுவே ஈரத் தலையோடு ஒல்லியாய் ஒருவன் நின்றான். அவன்தான் தேசப்பன் என்று சொல்லாமலே தெரிந்தது, அழுது வீங்கிய கண்கள். எதிரே பித்தளைத் தட்டில் கற்பூரம். ஊர்த் தலைவர் தீப்பெட்டியைத் திறந்தார்.

"தலைவரே... ஒரு நிமிசம்."

எழுந்தவன் ஜெகதீசன். "அந்தக் கொடி..." என்று ஆரம்பித்துவிட்டு அம்மன் சந்நிதியைப் பார்த்தான்.

"அந்தக் கொடியை நான்தான் எடுத்தேன்!"

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. சேறும் மழையுமாக நின்றவளை ஊரே பார்த்தது. அவள் முடிச்சை அவிழ்த்துத் துணியை நீட்டினாள். கொக்கு வரைந்த கதையை, காற்றில் துணி படபடத்ததை, குப்பை என்று நினைத்ததை, எல்லாவற்றையும் சொன்னாள்.

ஊர்த் தலைவர் துணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு ஒரு நடுத்தர வயதுப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். ஜெகதீசனின் அம்மா, மங்கை. "ஏம்மா பொண்ணு! கொக்குக்கு மறைக்குதுன்னு என் பொடவய அவுத்துட்டியா நீ? இன்னா அநியாயம்டி இது!"

கொட்டகை வெடித்துச் சிரித்தது. தேசப்பன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. பாய்ந்து போய் ஜெகதீசனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "டேய் ஜெகா! கொக்குடா! கொக்குக்கோசரம்டா! என்னியப் போயி..." அப்படியே கட்டிக்கொண்டான். தலைவர் தீப்பெட்டியை மூடினார். "கற்பூரத்த எடுத்து உள்ள வைங்கப்பா. அம்மன் தப்பிச்சா."

ஜெகதீசன் மட்டும் சிரிக்கவில்லை. நண்பனின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தான்.

"போன வாரம் படகுல நான் சொல்ல சொல்லோ... உனுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

அவன் தேசப்பனின் கையை மெல்ல விலக்கினான். மழைக்குள் இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்துபோனான். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள் ஜெஸ்லின். மழை நின்றிருந்தது. அந்த வெறும் கழி தண்ணீரில் நின்றது. நோட்டைத் திறக்கவில்லை. அழுகையும் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மூச்சை எண்ணினாள்.

ஒன்று. இரண்டு. கழியின் நுனியில் ஒரு மழைச் சொட்டு. மூன்று. அதற்குள் தலைகீழாக வானம். நான்கு. ஐந்து. அதற்குள்ளும் நான்கு புகைபோக்கிகள். ஆறு... இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அது எப்படி விழாமல் இருக்கிறது? ஏழு. எட்டு. ஒன்பதாவது மூச்சில் பின்னால் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. படகு சேற்றில் தட்டி நின்றது.

"கோபமா?" என்றாள், சொட்டைப் பார்த்தபடியே.

"கோவம்தான். உன் மேல பாதி. என் மேல பாதி."

"உங்க மேல எதுக்கு?"

அவன் இறங்கிவந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தான். "மண்டில பாத்தேன் மொளகா. கயித்துல தொங்கிகினு இருந்துச்சி. எங்கம்மா பொடவ எனக்குத் தெரியாதா?"

அவள் சட்டென்று திரும்பினாள். "அப்புறம் ஏன் கேக்கலை?"

"கேட்டா நீ ஆத்துக்கு வர மாட்ட." கையிலிருந்த ஈரமணலைப் பிசைந்தான். "மூணு நாளு தேசு வூட்டு வாசல் வரிக்கும் போயிப் போயித் திரும்பினேன். சொல்லணும்னா உன் பேர சொல்லணும். வாய் வரல. இன்னிக்கி அவன் நின்ன நெலமய பாத்து தாங்கல... கொடி காத்துல பிச்சிகினு போனத நானே பாத்தேன்னு சொல்லிடலாம்னுதான் எழுந்தேன்."

"அம்மன் முன்னாடியா?"

"அம்மன் முன்னாடி. ஆத்துக்கும் அம்மனுக்கும் நான் பொய் சொன்னதே இல்ல, ஜெஸ்லின்." முதல் முறையாக அவள் பெயரைச் சொன்னான். "ஒரு மொளகாக்கோசரம் வாயத் தொறந்துட்டேன். நீ மட்டும் அந்த நொடில வந்து நிக்கலன்னா சொல்லியிருப்பேன். அதான் பயந்துட்டேன். உன் மேல இத்தினியா...ன்னு. எழுந்து வந்துட்டேன்."

அவள் அவன் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

வடக்கே, பழவேற்காடு பக்கமிருந்து, ஒரு மெல்லிய சத்தம். மேகத்துக்கு அடியில் கோடு கிழித்ததுபோல் ஏதோ வந்தது. கோடு நெளிந்தது. கோட்டுக்குச் சிறகு முளைத்தது. பத்து... முப்பது... நூறு... பூநாரைகள்! கழுத்தை முன்னாலும் காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு, புகைபோக்கிகளின் புகையைக் கிழித்துக்கொண்டு, இளஞ்சிவப்பாய் இறங்கின. ஒவ்வொன்றும் தண்ணீரில் நான்கைந்து அடி ஓடி, நின்று, சிறகை மடித்தது. சாம்பல் ஆறு நிறம் மாறியது. ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் நடுவே, யாரும் கூப்பிடாமல், யாருக்கும் சொல்லாமல்...

இருவரும் மூச்சு விட மறந்தார்கள். எப்போது எழுந்து நின்றார்கள் என்று தெரியவில்லை. அவன் கை அவள் கையைப் பிடித்திருந்ததும் தெரியவில்லை.

"வரையலியா?" என்றான் கிசுகிசுப்பாக.

அவள் தலையசைத்தாள். "இன்னைக்குப் பேப்பர் காலியாவே இருக்கட்டும்."

"ஆமா... காலியா வுட்டாதான் வந்து எறங்கும், இல்ல?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உதட்டுக்கு.

நீலத் துணியை அவனிடம் நீட்டினாள். "இந்தாங்க. உங்க கொடி."

"நீயே வெச்சிக்க. அம்மா வேற கிழிச்சித் தரும்." அவள் விரல்களை மடக்கித் துணியை உள்ளே வைத்தான். "கொடி இல்லாமலே என் எடம் எதுன்னு இன்னிக்கி ஊருக்கே தெரிஞ்சிபோச்சி."

கன்னம் சிவந்ததை மறைக்க அவள் பூநாரைகளைப் பார்த்தாள். அவையும் சிவப்பாகத்தான் இருந்தன. உதவவில்லை.

"நான் சொல்லிட்டேன்," என்றான் அவன். "நீ?"

ஒரு மூச்சு... இரண்டு... பத்து வரை அவளால் எண்ண முடியவில்லை.

"அடுத்த ஞாயிறு எஞ்சின் போட்டுட்டே வாங்க."

"அய்ய, கொக்கு பறந்துடுமே?"

"பறக்கட்டும்..." என்றாள் ஜெஸ்லின். "தூரத்துல வரும்போதே எனக்குக் கேக்கணும்."